“இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேடுங்கள்!” – ஐஸ் ஏரியில் படகு விடுகிறவர்கள் எழுதி வைக்கும் கடிதம்

படகில் ஏறுவதற்கு முன்னால், உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுகிறார்கள்.

பெயர், வயது, போன் நம்பர். படகு என்ன நிறம், எத்தனை அடி நீளம். கூட வருகிறவர்கள் எத்தனை பேர், யார் என்ன நிறத்தில் சட்டை போட்டிருக்கிறார்கள். எந்த வழியாகப் போகிறோம், காற்று அடித்தால் எங்கே ஒதுங்குவோம். கார் நம்பர் என்ன, காரை எங்கே நிறுத்தியிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வரி: இன்ன தேதி, இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேடச் சொல்லுங்கள்!

இது உயில் அல்ல. தற்கொலைக் கடிதமும் அல்ல. ஏரியில் படகு சவாரி போகிறவர்கள் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற கடிதம்தான்.

“ஏன் சார், ஏரியில் படகு விடுவதற்கா இத்தனை தடபுடல்?” என்று கேட்பீர்கள். எந்த ஏரி என்று தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

ஏரியா, கடலா?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் கிடக்கிறது சுப்பீரியர் ஏரி. நல்ல தண்ணீர் ஏரிகளில் பரப்பளவில் உலகத்திலேயே பெரியது இதுதான். நீளம் 350 மைல். அகலமான இடத்தில் 160 மைல். ஆழம் 1,333 அடி. பரப்பளவு சுமார் 82,100 சதுர கிலோ மீட்டர். பரப்பளவுக் கணக்கில், இலங்கைத் தீவு முழுவதையும் தூக்கி உள்ளே போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும். அடேயப்பா!

அந்தப் பக்கத்துப் பூர்வ குடிகளான ஒஜிப்வே மக்கள் இதற்கு வைத்த பெயர் “கிச்சிகாமி”. பெரிய கடல் என்று அர்த்தம். வெள்ளைக்காரர்கள் வந்துதான் ஏரி என்று சொல்லிவிட்டார்கள். பழைய பெயரே இருந்திருந்தால் பல பேர் யோசித்துப் படகை எடுத்திருப்பார்கள்.

தண்ணீரில் உப்பு இல்லை. மற்றபடி கடலுக்கு உள்ளது எல்லாம் உண்டு. 2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம் வந்த புயலில், மிதவைக் கருவி ஒன்று அளந்து சொன்ன அலையின் உயரம் கிட்டத்தட்ட 29 அடி! மூன்று மாடி வீடு எழுந்து வருவது போல.

கப்பலே போனது

1975-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி இரவு நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

“எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட்” என்ற சரக்குக் கப்பல். நீளம் 729 அடி. 26 ஆயிரம் டன் இரும்புத் தாதுவை ஏற்றிக்கொண்டு முதல் நாள் புறப்பட்டது. வழியில் பேய்க்காற்று பிடித்துக்கொண்டது. கப்பலின் ராடார் வேலை செய்யவில்லை. பின்னால் வந்த “ஆர்தர் ஆண்டர்சன்” என்ற கப்பல் ரேடியோவில் வழி சொல்லிக்கொண்டே வந்தது.

இரவு 7 மணி 10 நிமிடத்துக்கு பிட்ஸ்ஜெரால்டின் கேப்டன் மெக்சார்லியிடம் நிலைமை எப்படி என்று கேட்டார்கள். சமாளித்துக்கொண்டு வருகிறோம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். சில நிமிடத்தில் கப்பல் ராடாரிலிருந்தே மறைந்துவிட்டது. அபாயச் செய்தி அனுப்பக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஒதுங்கத் திட்டமிட்ட வைட்பிஷ் விரிகுடாவுக்கு இன்னும் 17 மைல்தான் பாக்கி.

கப்பலில் இருந்த 29 பேரும் பலியானார்கள். ஒரு உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை.

நம்ம ஊரில் ஏரியிலோ கிணற்றிலோ விழுந்தவர் உடல் இரண்டு மூன்று நாளில் மிதந்துவிடும். போலீசுக்கும் பத்திரிகைக்காரனுக்கும் தெரிந்த கணக்கு இது. உடலுக்குள் கிருமிகள் பெருகி, வாயு உண்டாகி, அது உடலை மேலே தூக்கும். சுப்பீரியரின் ஆழத்தில் அந்தக் கிருமிகள் பெருக முடியாத குளிர். உடல் அடியிலேயே கிடந்துவிடும்.

அந்தக் குளிர்தான் விஷயம். படகு விடப் போகிறவன் அலையைப் பார்த்துப் பயப்படுகிறான். அவன் பயப்பட வேண்டியது தண்ணீரின் குளிருக்கு.

பிரிட்ஜ் தண்ணீர்

வருஷம் பூராவும் சராசரி பார்த்தால் இந்த ஏரித் தண்ணீரின் வெப்பம் 4 டிகிரி. பிரிட்ஜில் வைத்த தண்ணீர் மாதிரி. ஜூன் மாதம் கரையில் சட்டையைக் கழற்றிப் போடுகிற வெயில் அடிக்கும். நடு ஏரியில் தண்ணீர் அதே பிரிட்ஜ்தான். ஆகஸ்ட் மாதம் மேல் தண்ணீர் கொஞ்சம் சூடாகும். ஒதுக்கமான குடாக்களில் குழந்தைகள் குளிக்கிற அளவுக்குக்கூட வரும்.

அதை நம்பவும் முடியாது. கரைப் பக்கமிருந்து ஏரிக்குள் பலமாகக் காற்று அடித்தால், மேலே இருக்கிற சூடான தண்ணீரை அது உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். நேற்றுக் குளித்த இடத்தில் இன்றைக்குக் கால் வைக்க முடியாது.

ஒன்று - பத்து - ஒன்று

அந்தத் தண்ணீரில் படகு கவிழ்ந்தால் என்ன ஆகும்?

கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கீஸ்பிரெக்ட் என்று ஒரு விஞ்ஞானி இருக்கிறார். குளிரில் மனித உடல் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்துகொள்ள, தானே பல முறை ஐஸ் தண்ணீரில் குதித்துப் பார்த்தவர். அவர் சொன்ன கணக்குதான் ஒன்று - பத்து - ஒன்று. படகுக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு.

முதல் ஒரு நிமிடம். உடம்பு தண்ணீரில் பட்ட உடனே, நம்மைக் கேட்காமலே வாய் திறந்து “ஹா” என்று மூச்சை இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால், உள்ளே போவது காற்று அல்ல, தண்ணீர். நல்ல நீச்சல்காரன் விழுந்த இடத்திலேயே போவது இப்படித்தான். அந்த ஒரு நிமிடம் தலையை மேலே வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பழக்கத்துக்குக் கொண்டு வர வேண்டும். வேறு எதுவும் செய்யக் கூடாது.

அடுத்து பத்து நிமிடம். கை விரல்கள் வேலை செய்கிற நேரம் அவ்வளவுதான். படகைப் பிடித்து ஏறுவது, ரேடியோவை எடுப்பது, பக்கிளை மாட்டுவது எல்லாம் இதற்குள் முடிந்தாக வேண்டும். அப்புறம் விரல் மடங்காது. கயிறு கையில் இருந்தும் பிடிக்க முடியாது.

கடைசியாக ஒரு மணி நேரம். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்தாலும் நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் லைஃப் ஜாக்கெட் போடாதவனுக்கு இந்த ஒரு மணி நேரம் கிடையாது. கை ஓய்ந்ததுமே முழுகிவிடுவான். அமெரிக்காவில் படகு விபத்துகளில் மூழ்கிச் சாகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். வருஷா வருஷம் கடலோரக் காவல் படை இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. படகில் ஜாக்கெட் இருக்கும். உட்காருவதற்கு மெத்தையாக இருக்கும்!

ஹெலிகாப்டர் எங்கே?

“அமெரிக்காதானே, ஹெலிகாப்டர் வந்து தூக்கிவிடாதா?” வரும். எங்கிருந்து வரும் என்று பாருங்கள்.

கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் நிலையம் இருப்பது டிராவர்ஸ் சிட்டியில். அது சுப்பீரியர் கரையே இல்லை. பக்கத்து ஏரியான மிச்சிகன் ஏரிக் கரை. அங்கிருந்து, சுப்பீரியரின் வட மேற்கில் இருக்கும் ஐல் ராயல் தீவின் மேற்கு முனைக்கு நேர்க்கோட்டில் 250 மைலுக்கு மேல். எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நினைவு தப்ப ஒரு மணி நேரம்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவன்தான் உடம்போடு ஒட்டிய ரப்பர் உடையோ, தண்ணீர் புகாத முழு உடையோ வாங்குகிறான். தண்ணீர் புகாத முழு உடை சுமார் ஆயிரம் டாலர் பிடிக்கும். வெயில் 25 டிகிரி அடித்தாலும் அதைப் போட்டுக்கொண்டு புழுங்கிக்கொண்டே துடுப்புப் போடுகிறார்கள். காற்றுக்கு உடுத்தவில்லை, தண்ணீருக்கு உடுத்துகிறார்கள்.

எங்கே போவது?

படகோட்டிகள் பலருக்கும் கண் ஐல் ராயல் தீவு மேல்தான். 45 மைல் நீளத் தீவு. 1940-ம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. ஓநாயும் மூஸ் என்ற பெரிய மான் இனமும் வாழ்கிற காடு. கார் கிடையாது, ரோடு கிடையாது. ஏப்ரல் 16-ந் தேதி திறந்து அக்டோபர் 31-ந் தேதியோடு மூடிவிடுகிறார்கள்.

மினசோட்டா மாநிலத்தின் கிராண்ட் போர்ட்டேஜிலிருந்து தீவின் மேற்குத் துறைக்கு 22 மைல். தெற்கே காப்பர் ஹார்பரிலிருந்து போனால் 50 மைலுக்கு மேல். நடுவில் ஒதுங்க ஒரு திட்டுக்கூட இல்லை.

கயாக் என்கிறார்களே, மூடி போட்ட ஒல்லிப் படகு, அதில் துடுப்புப் போட்டால் மணிக்கு 3 மைல் போகலாம். 22 மைலுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். காலை நீட்ட முடியாது, இறங்க முடியாது. காலையில் புறப்படும்போது பார்த்த வானம் மதியம் இருக்காது.

20 அடிக்குக் குறைவான படகில் ஏரியைக் குறுக்கே கடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. புத்திசாலிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சின்னப் படகைப் பயணிகள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், தீவில் இறக்கி, அங்கே குடா குடாவாகச் சுற்றுகிறார்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

முதல் தடவை போகிறவர்களுக்கு விஸ்கான்சின் பக்கம் அப்போஸ்தலர் தீவுகள் இருக்கின்றன. 22 தீவுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகலாம். அங்கேயும் தண்ணீர் அதே தண்ணீர்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கரையோரமாகப் போனால்?

“நடு ஏரிக்கே போகவில்லை, கரையை ஒட்டியே போகிறேன்” என்பார்கள். மிச்சிகன் மாநிலத்தில் பிக்சர்டு ராக்ஸ் என்ற இடத்தில் கரை என்பதே 50 முதல் 200 அடி வரை செங்குத்தான பாறைச் சுவர். மைல் கணக்கில் போகிறது. பார்க்க அழகு. இறங்க இடம் இல்லை. வருகிற அலை சுவரில் மோதித் திரும்பும். திரும்புகிற அலையும் வருகிற அலையும் முட்டிக்கொள்கிற இடத்தில் உங்கள் படகு!

1905-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி டுலூத் துறைமுகத்தில் நடந்தது இன்னும் கொடுமை. “மட்டாஃபா” என்ற கப்பல் துறைமுக வாசல் சுவரில் மோதி உடைந்து, கரைக்கு மிக அருகில் தரை தட்டி நின்றது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் கரையில் தீ மூட்டிக்கொண்டு இரவெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அலையில் படகு இறக்க முடியவில்லை. கப்பலில் இருந்த 24 பேரில் 15 பேரை மறுநாள் காலையில் மீட்டார்கள். பின் பகுதியில் இருந்த 9 பேர் ஊரார் கண் முன்னால் விறைத்துச் செத்தார்கள்.

பெட்ரோல் கணக்கு

மோட்டார் படகுக்காரர்களுக்கு மூன்று பங்குக் கணக்கு உண்டு. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையில் ஒரு பங்கு. போய்வர 40 லிட்டர் பிடிக்கும் என்றால் 60 லிட்டர் ஏற்ற வேண்டும். 20 லிட்டர் வீண் என்று முகத்தைச் சுளிக்கக் கூடாது. எதிர்காற்றில் மெதுவாக மோதி மோதி வந்தால் அந்த இருபதும் காணாமல் போகும்.

வானிலை அறிக்கையையும் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். அலை 3 அடி என்று வந்தால் எல்லா அலையும் 3 அடி என்று அர்த்தமில்லை. உயரமான அலைகள் மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் போட்ட சராசரி அது. தனி அலை ஒன்று அதைப் போல் இரண்டு மடங்குகூட எழும். கடல் அலை மாதிரி நீளமாகத் தூக்கி இறக்காது. நெருக்கமாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக அறையும். காற்று மணிக்குச் சுமார் 40 கிலோ மீட்டரையோ, அலை 4 அடியையோ தாண்டும் என்று தெரிந்தால் சின்னப் படகுகளுக்கு எச்சரிக்கை கொடுக்கிறார்கள். எச்சரிக்கை வராத நாளெல்லாம் நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஜூலை முதல் ஆகஸ்ட் நடு வரைதான் ஓரளவு சாந்தமான காலம். ஜூனில் குளிர்ந்த தண்ணீர் மேல் சூடான காற்று வந்து மூடுபனி இறங்கும். அந்தப் பனிக்குள்ளே ஆயிரம் அடி நீளச் சரக்குக் கப்பல்களும் வந்துகொண்டிருக்கும். கப்பலின் ராடாரில் ஒரு கயாக் தெரியும் என்று எந்தக் கேப்டனும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

திங்கட்கிழமை ஆபீஸ்!

அனுபவசாலிகளின் நடைமுறை: விடியற்காலையில் கிளம்பு, மதியத்துக்குள் கரை ஏறு. மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் காற்று எழும்புகிறது. இன்னொன்று, சும்மா உட்கார்ந்திருப்பதற்கென்றே நாள் ஒதுக்க வேண்டும். மூன்று நாள் பயணம் என்றால் ஐந்து நாள் லீவு. ஐந்து நாள் சாப்பாடு. அந்த இரண்டு நாளும் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு அலைச் சத்தம் கேட்க வேண்டியிருக்கலாம். சீட்டுக் கட்டு ஒன்று எடுத்துப் போவது உத்தமம்.

இங்கேதான் ஆள் சறுக்குகிறான். வெள்ளிக்கிழமை கிளம்பி, ஞாயிறு திரும்பி, திங்கட்கிழமை ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும் என்று திட்டம். ஞாயிறு காலை அலை ஐந்து அடி. அனுபவமும் இருக்கிறது, நல்ல படகும் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது. ஆனால் லீவு இல்லை! “பார்த்துக்கலாம், போயிடலாம்” என்று படகைத் தள்ளுகிறான்.

மானேஜரின் திட்டு வேறு, ஒரு நாள் சம்பளம் வேறு. உண்மைதான். ஆபீசுக்குப் போகிற நமக்கு அந்தப் பயம் தெரியாதா என்ன? ஆனால் அதைக் கரையில் இருக்கும்போதே தீர்த்துவிட்டு வர வேண்டும். “காற்று அடித்தால் புதன்கிழமைதான் வருவேன்” என்று முன்கூட்டியே சொல்லி எழுதி வாங்காதவன், படகு வாங்கியது தண்டம்.

சட்டைப் பையில் ரேடியோ

ரேடியோவைப் படகில் வைத்தால் படகோடு போய்விடும். உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். அபாயத்துக்குக் கூப்பிட 16-வது சானல். கையடக்கப் போனை நம்பிப் பயனில்லை. தீவுப் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோளுக்கு இடத்தைச் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று இப்போது கிடைக்கிறது. பட்டனை அமுக்கினால் போதும். விரல் மடங்குகிற அந்தப் பத்து நிமிடத்துக்குள் அமுக்க வேண்டும்.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தக் கூடாது. கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் கண் ஏமாற்றும். கவிழ்ந்த படகு மேலே எவ்வளவு ஏற முடியுமோ ஏறிக்கொள்ள வேண்டும். தேடுகிறவன் கண்ணில் ஒரு தலை படாது, ஒரு படகு படும். கவிழ்ந்த படகில் திரும்ப ஏறுவதை, கிளம்புவதற்கு முன்னால் ஒதுக்கமான குடாவில் பத்துத் தடவையாவது பழகியிருக்க வேண்டும்.

ஒருவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிய பிறகும் ஆபத்து தீரவில்லை. எழுந்து நடக்க விடக் கூடாது. படுக்க வைக்க வேண்டும். கை காலைத் தேய்க்கக் கூடாது. சினிமாவில் வருவது போல் வாயில் பிராந்தி ஊற்றவே கூடாது. நனைந்த துணியை எடுத்துவிட்டு, போர்த்தி, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். காப்பாற்றிக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு இதயம் நின்று போனவர்கள் உண்டு.

கடிதம் யாரிடம்?

அந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். “அவனுக்கு என்ன, வந்துடுவான்” என்று புரண்டு படுக்கிற ஆளிடம் கொடுத்துப் பிரயோஜனமில்லை. சொன்ன மணி தாண்டியதும் காவல் படைக்குப் போன் போடுகிற ஆளாக இருக்க வேண்டும். மனைவியோ, அண்ணனோ, பக்கத்து வீட்டுக்காரரோ.

கார் நம்பர் எதற்கு என்று கேட்கலாம். தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது படகுத்துறையில் கார் நிற்கிறதா என்றுதான். கார் நின்றால் ஆள் தண்ணீரில். கார் இல்லை என்றால் ஆள் எங்கேயோ காபி குடித்துக்கொண்டிருக்கிறான்.

அதனால் திரும்பி வந்து படகைக் கரையில் இழுத்துப் போட்டதும் முதல் வேலை, டிபனும் இல்லை, படுக்கையும் இல்லை. வீட்டுக்குப் போன். அதை மறந்துவிட்டு ஓட்டலில் உட்கார்ந்தால், அங்கே இவனைத் தேடிக்கொண்டு அந்த அலையில் நாலு பேர் படகை இறக்கியிருப்பார்கள்.

போன் வந்த பிறகுதான் வீட்டில் இருப்பவர் கடிதத்தைக் கிழிக்கலாம்.